தராசில் ஏறாத சேவல்

கடலில் இருக்கும்வரை புயல் எங்கள் கைக்குள் இருக்கும். கரையேறிய பிறகுதான் காணாமல் போகும். இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. கடல் பெரிசு, அங்கே யார் போய்ப் பார்ப்பது, ஊருக்குள் வந்துவிட்டால் கண்ணெதிரேதானே கிடக்கப்போகிறது என்று நினைக்கிறார்கள். மண்ணாங்கட்டி! கடல்மேல் இருக்கும்போது ஒரு விமானம் அதன் வயிற்றுக்குள்ளேயே புகுந்து, நடு இங்கேதான் என்று சொல்லிவிடும். எங்கள் மலைகளுக்கு மேலே எந்த விமானி அப்படிப் புகுவான்? அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். ரேடாரைத் திருப்பினால் மலை மறைக்கிறது. காற்றை அளக்கும் கருவிகளில் பாதி காற்றோடு போய்விடும், மீதி கரன்ட் இல்லாமல் செத்துக் கிடக்கும்.

பெரெனிஸ் புயல் விஷயத்திலும் அதுதான் நடந்தது. பெண் பெயர் வைத்துவிட்டதால் இங்கே எல்லோரும் அவள் என்றே பேசுவோம். விடிகிற நேரத்தில் தெற்குக் கரையில் ஏறி, தலைநகரத்தின் விளம்பரப் பலகைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, தீவின் நடுமலைகளில் போய் முட்டினாள். முட்டியதில் கண் கலைந்தது, காற்று பாதியாகக் குறைந்தது. 'புயல் வலுவிழந்தது' என்று தொலைக்காட்சியில் ஓடியதுதான் தாமதம், எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற மூலைக்கடையில் ஜன்னல் பலகைகளைக் கழற்றிப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். டோமினோ மேசை வெளியே வந்துவிட்டது. "மலை காப்பாத்திடுச்சுடா!" என்று ஒருத்தன் கத்தினான், பீர் பாட்டில்கள் உயர்ந்தன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பெயர் நெரெய்தா. அந்த வானிலை அலுவலகத்தில் முன்னறிவிப்பு எழுதுகிறவள். முந்தின நாளிலிருந்து நாற்காலியை விட்டு நகராமல், மசித்த வாழைக்காயை ஒரு கையால் தின்றுகொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரையில் என்ன தெரிந்தது என்றால், பெரிய வெள்ளை மேகத்திரள் மலையைத் தாண்டி வடகிழக்கே நழுவிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் எல்லாத் தொலைக்காட்சியும் காட்டியது. ஆனால் அது உயரத்து மேகம், வெறும் தொப்பி. தொப்பி பறந்துபோனால் தலையும் கூடவே போய்விட்டது என்று அர்த்தமா? கீழே சுழல்கிற காற்று எங்கே? அது மேகத்தோடு கடலுக்குப் போயிருந்தால் வடக்குச் சரிவு பிழைத்தது. மலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நின்றிருந்தால், வடக்குக் கடலின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிச் சரிவின் தலையில் கொட்டிவிடும். கணினியில் ஒரு கணக்கு போய்விட்டாள் என்றது. இன்னொரு கணக்கு நிற்கிறாள் என்றது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து என் கண் எரிந்தது.

அந்த வடக்குச் சரிவின் அடியில்தான் என் ஊர், லோஸ் கினியோஸ். ஊரை ஒட்டி ஹிமாயோ ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரைத் தெருவில் இருந்தவர்களை முந்தின நாளே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதில் என் அண்ணன் ரதாமெஸும் அண்ணியும் குழந்தையும் உண்டு. மத்தியான அறிக்கை எழுதுமுன் நாங்கள் ஒன்று முடிவு செய்தாக வேண்டும். வடக்குச் சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கையை வைத்திருப்பதா, இறக்குவதா? இறக்கினால் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். வைத்திருந்து ஒன்றும் வராமல் போனால் அடுத்த தடவை ஒருத்தரும் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டார்கள். போன வருஷம் அப்படித்தான் நான் எச்சரித்த புயல் எங்களை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. அண்ணன் விட்டுவிட்டு வந்த கட்டுச் சேவல்களில் மூன்றை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து ஊரில் எனக்குக் கோப்பைக்காரி என்று பெயர். காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து அடியில் படிந்ததைப் பார்த்துக் குறி சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருத்தி இருக்கிறார்கள், நானும் அந்த வகையறாவாம்.

அண்ணனே போன் செய்தான்.

"என்னம்மா கோப்பைக்காரி, காப்பி குடிச்சாச்சா? கோப்பை என்ன சொல்லுது?"

"அண்ணே, வேலையில இருக்கேன். வெளையாடாதே."

"வேலையா? உன் வேலைதான் கடலுக்குள்ள போயிட்டிருக்கே, டிவில பாத்தேன். அப்புறம் எதுக்கு எங்களைப் பள்ளிக்கூடத்துல அடைச்சுப் போட்டிருக்கீங்க? பக்கத்துல படுத்திருக்கிறவன் விடுற கொறட்டையில கூரையே ஆடுது."

"இன்னும் முடியல. மேகம்தான் போயிருக்கு. கீழ இருக்கிறது எங்கன்னு தெரியல. அங்க மழை எப்படி?"

"மழையா? தூறல்னு சொல்லக்கூட வெக்கமா இருக்கு. நம்ம கனேலோ மேல ஒரு சொட்டு படல. கூண்டுக்குள்ள தரை பொடியாக் காஞ்சு கெடக்கு."

கனேலோ என்பது அண்ணனின் சேவல். லவங்கப்பட்டை நிறம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழாச் சேவல் கட்டில் அதை இறக்குவதாக இருந்தான்.

அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த நொடிதான் அந்தக் கூண்டு நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் சேவல் கூண்டுகளுக்கு எப்போதும் மேற்குப் பார்த்துத்தான் வாய் வைப்பார்கள். வருஷம் பூராவும் காற்றும் சாரலும் கிழக்கிலிருந்து அடிக்கும், அதனால் கிழக்குப் பக்கம் பலகை அடித்து மூடிவிடுவார்கள். பெரெனிஸ் நிஜமாகவே வடகிழக்கே கடலுக்குப் போயிருந்தால், லோஸ் கினியோஸில் இந்நேரம் காற்று மேற்கிலிருந்து அடிக்க வேண்டும். கூண்டு வாய் வழியாகச் சாரல் ஏறிச் சேவல்கள் நனைந்து நடுங்க வேண்டும். தரை காய்ந்து கிடக்கிறது என்றால் காற்று இன்னும் கிழக்கிலிருந்துதான் வருகிறது. அவள் போகவில்லை. எங்களுக்குத் தெற்கே, மலைக்குள் எங்கேயோதான் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்புறம்தான் இரண்டாவது விஷயம் உறைத்தது.

"அண்ணே, கூண்டு காஞ்சு கெடக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

போனில் ஒரு சேவல் கொக்கரித்தது, பக்கத்திலேயே.

"நீ பள்ளிக்கூடத்துல இல்ல."

"அடியே, சேவலுக்குத் தண்ணி யாரு வெப்பா? உங்க மேனேஜர் வந்து வெப்பாரா? கொண்டு வந்து கட்டிக்கிறேன்னு ஹெட்மாஸ்டரம்மா கால்ல விழாத கொறையாக் கேட்டேன். சேவலுக்கு எடமில்லன்னுட்டா."

"ஆத்தைத் தாண்டிப் போயிருக்கியா?"

"ஆறா இது? முழங்காலுக்குக் கீழ ஓடுது. கண்ணாடியாட்டம் இருக்கு, அடியில கூழாங்கல் தெரியுது. செருப்பைக் கையில எடுத்துட்டு நடந்தே வந்துட்டேன்."

கூண்டுகள் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், மணல்திட்டில். இரண்டு பக்கமும் தண்ணீர். மேலே மலையில் கொட்டினால் கீழே வந்து சேரும்வரை ஆறு கண்ணாடியாகத்தான் இருக்கும்.

"உடனே திரும்பிப் போ அண்ணே. மலையில மழை கொட்டலாம்."

"கொட்டலாமா, கொட்டுமா?"

"கொட்டலாம்."

"போன வருஷம் கொட்டும்னே. என் சேவல் போச்சு. இப்ப கொட்டலாம்ங்கிறே. ஒழுங்கா ஒண்ணு சொல்லு. எத்தனைக்கு எத்தனை?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். நிச்சயம், நூற்றுக்கு நூறு, ஓடு என்று கத்தியிருக்கலாம். ஆனால் நான் நிச்சயம் என்ற வார்த்தையை வாயில் எடுக்கிறவள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். எடுத்தால் பொய் என்று உடனே பிடித்துவிடுவான். இரண்டு கணக்கும் திரையில் சரிசமமாக நின்றன. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பாதிக்குப் பாதி."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "பாதிக்குப் பாதியா! அடிப்பாவி, இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினே? கனேலோவை மொத தடவை களத்துல எறக்கினப்ப அதுகூட இல்ல. எதிர்ச் சேவலுக்குத்தான் எல்லாரும் கட்டினாங்க. பாதிக்குப் பாதின்னா நல்ல பந்தயம்டி. நான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் இணைப்பு கிடைக்கவில்லை.

எங்கள் தலைமை அதிகாரியை மரியாதையாக டான் மில்சியாதெஸ் என்போம், ஓய்வு பெறப் போகிறவர். பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டு, எச்சரிக்கையை இறக்குவதற்கான வாசகத்தைத் தயாராக எழுதிவைத்திருந்தார். நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

"சார், எறக்காதீங்க. அவ போகல."

"எப்படிச் சொல்றே?"

"எங்கண்ணன் சேவல் நனையல சார்."

சின்னப் பையன் யாராவது இருந்திருந்தால் சிரித்திருப்பான். டான் மில்சியாதெஸ் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். அவர் அப்பா வீட்டிலும் சேவல் இருந்தது.

"கூண்டு வாய் எந்தப் பக்கம்?"

"மேற்கு."

"உங்கண்ணன் தெளிவா இருக்கானா, போட்டிருக்கானா?"

"தெளிவாத்தான் இருக்கான். ஆத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கான் சார்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் போனை எடுத்தார். மலைக்குத் தெற்கே இருக்கிற ஒரு ஊரில் அவருடைய மச்சினன் சேவல் வளர்க்கிறவன். ஒலிபெருக்கியில் போட்டார். அந்த ஆள் போனை எடுத்ததுமே புலம்ப ஆரம்பித்தான்.

"மச்சான், நாசமாப் போச்சு! மேக்கேருந்து அடிக்குது, கூண்டு வாய்வழியா அப்படியே உள்ள ஏறுது. ஒவ்வொண்ணும் நனைஞ்ச துணியாட்டம் தொங்குது. எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து கட்டில்ல விட்டிருக்கேன். உங்க தங்கச்சி வெளக்குமாத்தோட நிக்கிறா!"

மலைக்குத் தெற்கே மேற்குக் காற்று. வடக்கே கிழக்குக் காற்று. அப்படியென்றால் சுழலின் நடு இரண்டுக்கும் இடையில், மலைக்குள் நிற்கிறது. பல கோடிக்கு வாங்கிய கருவிகளெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது இவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது. டான் மில்சியாதெஸ் எழுதிவைத்த காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டார்.

"சிவப்பு அப்படியே இருக்கட்டும். ஹிமாயோவுக்கும் பக்கத்துப் பள்ளத்தாக்கு மாகூயாவுக்கும். எழுது."

"நிக்கிறா சரி. ஆனா ஹிமாயோ பக்கமா கொட்டுவாளா, முகட்டுக்கு அந்தப் பக்கம் மாகூயாவுல கொட்டுவாளா, மலைமேலேயே கரைஞ்சு போவாளா, எதுவும் நமக்குத் தெரியாது சார்."

"தெரியாதுன்னு அறிக்கை எழுத முடியுமா? எண் போடு. எண் இல்லாமப் போனா வானொலிக்காரன் வாசிக்கவே மாட்டான்."

"என்ன எண் போட?"

"நீ என்ன நெனக்கிறே?"

வேறென்ன நினைப்பேன்? வடக்குச் சரிவில் பெருமழைக்கு ஐம்பது சதவீத வாய்ப்பு என்று அடித்தேன். அடித்து முடித்ததும் அண்ணனின் சிரிப்பு காதில் கேட்டது. கை நின்றது. சேவல் கட்டுகிறவனிடம் ஐம்பது என்று சொன்னால் அவன் எச்சரிக்கையாகவா எடுத்துக்கொள்வான்? உட்கார்ந்து ஆடு என்கிற அழைப்பாகத்தான் எடுத்துக்கொள்வான். எங்கள் பக்கத்தில் சேவல் கட்டாத ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

"சார், இந்த எண்ணு வேண்டாம். இதைக் கேட்டா அவனவன் அங்கேயே உக்காந்துடுவான்."

"பின்ன என்ன போடுறது? சேவல் கதையா? மணி ஆயிடுச்சு நெரெய்தா, அனுப்பு."

அனுப்பினேன்.

அதன் பிறகு அண்ணனைக் கூப்பிடத் தொடங்கினேன். கூப்பிடுவதும் அறுபடுவதுமாகப் போயிற்று. அண்ணியை மட்டும் ஒருமுறை பிடிக்க முடிந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், சிவப்பு எச்சரிக்கை என்று வானொலியில் சொன்னதால் கிளம்ப இருந்தவர்களும் திட்டிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள் என்றாள்.

"உங்கண்ணன் மட்டும்தான் இல்ல. சிகரெட் வாங்கப் போறேன்னு போனாரு."

"அவன் கூண்டுல இருக்கான் அண்ணி."

"தெரியும். சிகரெட்டு குடிக்காத மனுஷன் சிகரெட்டு வாங்கப் போறேன்னா எனக்குத் தெரியாதா? நான் சொன்னா கேப்பாரா? நீ சொன்னாத்தான் கேப்பாரு. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே, ஒழுங்காச் சொல்லி வரவழையேன்!" அழுதுகொண்டே கத்தினாள். பின்னால் குழந்தையும் அழுதது.

சாயங்காலம் நெருங்கும்போது மலைமேல் இடி இடிப்பதாக மேட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒரு செய்தி வந்தது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்த ஊரோடு தொடர்பே இல்லை. என்னால் உட்கார முடியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் மணி அடித்தது, அவன் எடுத்தான்.

"என்னடி, நூறு தடவை கூப்பிட்டிருக்கே."

"ஆறு எப்படி இருக்கு?"

"கொஞ்சம் கலங்கியிருக்கு. பயப்படுற மாதிரி இல்ல. லியோகாதியோகூட மத்தியானம் பேசினான். அவனும் மாகூயாவுல கூண்டுப் பக்கத்துலதான் இருக்கானாம்."

லியோகாதியோ பக்கத்துப் பள்ளத்தாக்கில் சேவல் வளர்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை கனேலோவுக்கு எதிராக அவன் சேவல்தான் இறங்குவதாக இருந்தது. அண்ணன் மகளுக்கு ஞானத்தகப்பன் வேறு. களத்தில் எதிரிகள், வெளியே ஒரே பாட்டிலில் குடிப்பவர்கள்.

எனக்குத் திட்ட வந்தது, கெஞ்ச வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி. ஞாயித்துக்கிழமை லியோகாதியோ தன் சேவலைத் தராசுல ஏத்தாமலே களத்துல எறக்கினான்னா நீ பந்தயம் கட்டுவியா?"

"குடிச்சிருக்கியா? அதெப்படிக் கட்டுறது?"

எங்கள் களத்தில் சேவலை எல்லோர் கண்முன்னாலும் தராசில் தொங்கவிட்டு, எடையை உரக்கச் சொன்ன பிறகுதான் பந்தயத்துக்கு வாய் திறப்பார்கள். அதற்கு முன்னால் கட்டுகிறவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லாவிட்டால் தலைக்கேறியவன்.

"சரி, எடை தெரியாத சேவலுக்கு ஒருத்தன் வந்து பாதிக்குப் பாதின்னு கேட்டா?"

"எந்த மடையன் கேப்பான்? எடையே தெரியாம பாதிக்குப் பாதி எங்கேருந்து வரும்?"

"நான்தாண்ணே அந்த மடையன். காலையில உங்கிட்ட பாதிக்குப் பாதின்னு சொன்னேன்ல? அதுக்கு எடை போட்டுப் பாத்துச் சொன்னதா அர்த்தம் இல்ல. இந்தச் சேவல் இன்னும் தராசுல ஏறவே இல்ல. நெஞ்சளவு தண்ணி வருமா, பனைமரம் முங்குற மாதிரி வருமா, வராமலே போகுமா, எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. அமெரிக்காக்காரனுக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் ஒரு எண்ணைச் சொல்லிட்டேன்."

மழை தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. காலையில் அந்தச் சத்தம் இல்லை.

"அண்ணே?"

"தெரியாதா? நெஜமாவே தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது."

"எழவு, அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன!" அவன் குரல் மாறிவிட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எதையோ இழுப்பது கேட்டது. "கனேலோவை மட்டும்தான் கையில எடுத்துட்டு வர முடியும். மத்ததை என்ன பண்றது? பூட்டிட்டு வந்தா தண்ணி வந்தா செத்துரும். தெறந்துவிட்டா ஒண்ணை ஒண்ணு கொத்திக் கொன்னுரும். சொல்லு, எதைச் செய்ய?"

"எனக்கு எப்படித் தெரியும்? வாண்ணே, வந்துடு!"

"தெறந்துவிடுறேன்," என்றான். அவன் தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாக நீக்கும் சத்தம் கேட்டது, சிறகடிப்பு கேட்டது, அவன் கெட்ட வார்த்தை சொல்லி அழுவது கேட்டது. இணைப்பு அறுந்தது.

அந்த நேரம் என்னை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். எனக்குத் தெரிந்த எல்லாத் தேவமாதா பெயர்களையும் சொல்லிக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அண்ணியின் குரல்செய்தி வந்தது. "வந்துட்டாரு. இடுப்புவரைக்கும் நனைஞ்சு, கோணிப்பைக்குள்ள சேவலை வெச்சுக்கிட்டு. ஹெட்மாஸ்டரம்மா ஒண்ணும் சொல்லல. ஆறு பழுப்பா ஓடுதாம்." அவ்வளவுதான். தலையை முழங்காலில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். டான் மில்சியாதெஸ் வந்து ஒரு கோப்பை காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வெயில் அடித்தது. பெரெனிஸ் மலைமேலேயே கரைந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தாள். அண்ணன் போன் செய்தபோது நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். ஏனென்றால் ஹிமாயோ பொங்கவில்லை என்று விடியும்போதே தெரிந்துவிட்டது. தண்ணீர் கூண்டுகளின் காலடிவரை வந்து, நின்று, வடிந்துவிட்டது. அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருந்தால் கால்கூட நனைந்திருக்காது.

"அஞ்சு சேவல் செத்துப்போச்சு," என்றான். "தண்ணியில இல்ல. தெறந்துவிட்டேன்ல, அதுங்களே அடிச்சுக்கிட்டுச் செத்துருக்கு."

"மன்னிச்சிடுண்ணே."

"சேவலை விடு." அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "மழை முகட்டுக்கு அந்தப் பக்கம் எறங்கியிருக்கு. மாகூயா மலையையே உருட்டிக்கிட்டு வந்திருக்கு. பாலம் இல்ல, கரையில இருந்த வீடுங்க இல்ல. லியோகாதியோவைக் காலையில எடுத்தாங்க. கூண்டுக் கம்பியைப் பிடிச்சபடியே இருந்தானாம். அவன் மச்சினன் இன்னும் கெடைக்கல."

மேசைமேல் கிடந்த நேற்றைய அறிக்கையை எடுத்தேன்.

"நேத்து மத்தியானம் அவன் எங்கிட்டக் கேட்டான் நெரெய்தா. உன் தங்கச்சி வானொலில சொன்னதைக் கேட்டியான்னு. கேட்டேன், நான் இங்கதான் இருக்கேன்னேன். அப்ப நானும் இருக்கேன்னான். சாயங்காலம் நீ பேசினதுக்கப்புறம் அவனைக் கூப்பிட்டேன், லைனே கெடைக்கல. பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு நின்னு கூப்பிட்டேன்." அப்புறம் கேட்டான். "அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு நீ என்னன்னு எழுதி அனுப்பினே?"

"ஐம்பது சதவீதம்னு."

"எனக்குச் சொன்ன மாதிரி அவங்களுக்குச் சொல்லலையா?"

அவன் போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ மண்வெட்டிகளை எண்ணி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள், மாகூயாவுக்குப் போகிறவர்கள் ஏறுங்கள் என்று ஒருத்தர் கூப்பிட்டார். அவன் அதற்கும் அசையாமல் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான்.